ஓரிரு இடங்களில்

1

சித்திரை வைகாசியில் மதுக்கரையில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மொட்டை மாடி ஏறினால் பக்கத்து மாடிகளிலும் ஆள் நிற்கும். காயப்போட்ட வடாமை எடுக்க வந்ததாகப் பேருக்குச் சொல்லிக்கொள்வார்கள். பார்வை முழுக்க மேற்கே, வாளையார்ப் பக்கம் இருக்கும். தர்மலிங்கேஸ்வரர் மலைக்கு மேலே கறுத்து ஏறுகிற மேகம் நம் பக்கம் வருமா, அப்படியே பாலக்காட்டுக்குள் இறங்கிவிடுமா என்பதுதான் அந்த நேரத்துப் பேச்சு.

“மானம் மப்புப் போட்ருக்குது, ஆனா பேயாது.”

“செல்லுல பேயும்னு போட்ருக்காங்களே?”

“செல்லுக்கென்ன, அது தெனமுந்தான் போடும்.”

இந்த இரண்டு மாதத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் அதிகம் பேர் வாசிக்கிற தமிழ் உரைநடை எது என்று யாராவது கேட்டால், நான் பார்த்த வரையில் வானிலைப் பதிவுகள் என்றுதான் சொல்வேன். பேக்கரியில் டீ ஆற்றுகிறவர், காங்கிரீட் போட நாள் பார்க்கிற மேஸ்திரி, திறந்தவெளியில் பந்தல் போட்டுக் கல்யாணம் வைத்திருக்கிற வீட்டுக்காரர், வாழை போட்டவர் என எல்லோரும் படிக்கிறார்கள். வரி வரியாகப் படிக்கிறார்கள். ‘வாய்ப்பு உண்டு’ என்பதற்கும் ‘நல்ல வாய்ப்பு உண்டு’ என்பதற்கும் நடுவே இருக்கிற அந்த ஒற்றைச் சொல்லை இவ்வளவு அக்கறையாகப் பிரித்துப் படிக்கிற வாசகர்கள் நம்முடைய கதைகளுக்குக் கிடைப்பதில்லை.

ஆனால் இந்த எழுத்தை எழுத்தாக எடுத்துக்கொண்டு நாம் பெரிதாகப் பேசியதில்லை. சரியாகச் சொன்னாரா, தப்பாகச் சொன்னாரா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு இருக்கிற கேள்வி வேறு. நாளை நடக்கப்போவதைப் பற்றி இன்றைக்கு ஒரு வாக்கியம் எழுதுகிறவர் அதை எப்படி எழுத வேண்டும்? அந்த வாக்கியத்தை நம்பி ஒருவர் ஏதோ ஒன்றைச் செய்யப்போகிறார் என்றால் எழுதுகிறவரின் பொறுப்பு எது வரைக்கும் போகிறது?

2

முதலில் அரசாங்க வாக்கியம். வானொலியில் செய்தி முடியும்போதும் தொலைக்காட்சியில் சாயங்காலமும் நாம் கேட்டு வளர்ந்தது. ஏறக்குறைய இப்படி இருக்கும்: கோவை, நீலகிரி, ஈரோடு மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும். யார் பேசுகிறார்கள் என்பது அந்த வாக்கியத்தில் தெரியாது. யாரிடம் பேசுகிறார்கள் என்பதும் தெரியாது. ‘பெய்யக்கூடும்’ என்ற வினைமுற்று பெய்தாலும் சரி, பெய்யாவிட்டாலும் சரி என்று இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கும்.

இதைக் கிண்டல் செய்யாத தமிழர் குறைவு. சென்னை மண்டலப் புயல் எச்சரிக்கை மையத்தின் இயக்குநராக இருந்த எஸ்.ஆர். ரமணன் 2016 மார்ச்சில் ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடப் பிள்ளைகளின் செல்லக் கேலிப் பொருளாக இருந்தார். அவர் முகம் டிவியில் வந்தால் லீவு உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி. ‘வெப்பச்சலனம்’, ‘காற்றழுத்தத் தாழ்வு நிலை’ போன்ற கலைச்சொற்கள் சாதாரண வீட்டுப் பேச்சில் கலந்ததில் அவருடைய நிதானமான குரலுக்குப் பங்கு உண்டு. அவர் அளவுக்கு எத்தனை தமிழறிஞர்களால் ஒரு கலைச்சொல்லை டீக்கடை வரைக்கும் கொண்டுவர முடிந்தது?

கேலியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கலாம். ‘ஓரிரு இடங்களில்’ என்பது நழுவல் மாதிரித் தெரிகிறது. ஆனால் அதற்கு அளவு இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, ஒரு பகுதியில் உள்ள மழை பதிவு நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவானால் அது ‘ஓரிரு இடங்கள்’. 26 முதல் 50 சதவீதம் வரை என்றால் அடுத்த படி. அப்படியே நாலு படிகள். மழையின் அளவுக்கும் இதுபோல உண்டு. காலை எட்டரை மணியிலிருந்து மறுநாள் எட்டரை வரை கணக்கு. 2.5 மில்லிமீட்டரிலிருந்து 15.5 வரை லேசான மழை. 64.4 வரை மிதமான மழை. 64.5-லிருந்து 115.5 வரை கனமழை. 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதி கனமழை.

இது தெரிந்த பிறகு அந்த வாக்கியம் எனக்கு வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கியது. மழை பேயும் என்று அது சொல்லவில்லை. நாலு ஊரில் அதிகபட்சம் ஒரு ஊருக்குப் பேயும், எந்த ஊர் என்று எங்களால் சொல்ல முடியாது என்கிறது. தமிழில் அன்றாடம் அச்சாகிற வாக்கியங்களில் தன் அறியாமையை இவ்வளவு துல்லியமாக ஒத்துக்கொள்கிற வாக்கியம் அதிகம் இல்லை. சிக்கல் என்னவென்றால், அந்த அளவுகோல் வாசகர் கையில் இல்லை. சொல்கிறவருக்கு எண்ணாக இருப்பது கேட்கிறவருக்கு மழுப்பலாகப் போய்ச் சேர்கிறது.

‘மிதமான’ என்ற சொல்லில் இன்னொரு கோளாறு. 60 மில்லிமீட்டர் மழை ஒரு நாள் முழுக்கத் தூறிப் பெய்தால் மிதம்தான். கோடை மழை அப்படிப் பெய்வதில்லை. நாற்பது நிமிஷத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். நாற்பது நிமிஷத்தில் 60 லிட்டர் என்றால் கோவை லங்கா கார்னர் பாலத்துக்கு அடியில் பஸ் நிற்கிற கதைதான். மறுநாள் காலைக் கணக்கில் அதுவும் ‘மிதமான மழை’ என்றே ஏறும். 24 மணி நேரத்தை அளக்கிற சொல்லை வைத்து நாற்பது நிமிஷத்து மழையைச் சொல்ல வருகிறோம்.

3

இதில் மொழியின் குற்றம் பாதிதான். மீதி எங்கள் ஊரின் நிலவியல்.

மேற்குத் தொடர்ச்சி மலை எங்களுக்கு வடக்கே நீலகிரியாகவும் தெற்கே ஆனைமலையாகவும் நிற்கிறது. நடுவில் பாலக்காட்டுக் கணவாய், ஏறத்தாழ 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல். அதன் கிழக்கு வாயில்தான் மதுக்கரை இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று இந்த வாசல் வழியாக வேகமாக உள்ளே வருவதால்தான் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. காற்று வருமே தவிர மழை வராது. மழையைக் கேரளத்தில் இறக்கிவிட்டு வெறுங்கையோடு வரும். ஆனி ஆடியில் எங்களுக்குக் கிடைப்பது சாரல்தான். அதனால் ஐப்பசி கார்த்திகைக்கு அடுத்து நாங்கள் நம்பியிருப்பது சித்திரை வைகாசியின் கோடை மழையை.

அது எப்படி உண்டாகிறது? காலையிலிருந்து தரை காய்கிறது. வங்காள விரிகுடாப் பக்கமிருந்து ஈரம் கிழக்குக் காற்றில் வருகிறது. அரபிக் கடல் ஈரம் கணவாய் வழியாக வருகிறது. இரண்டும் எங்காவது முட்டிக்கொள்கிற இடத்தில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. சூடான ஈரக்காற்று மேலேறி, குளிர்ந்து, மேகமாகி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கும் மேலே வளர்ந்து நிற்கும். அப்புறம் உள்ளே இருக்கிற மழையும் குளிர்ந்த காற்றும் சேர்ந்து தடாலென்று கீழே இறங்கும். மழைக்கு முன்னால் ஓடி வருகிற சில்லென்ற காற்று, வாழையைச் சாய்க்கிற சூறை, இதுதான். அந்தக் குளிர்காற்று பக்கத்து ஊரின் சூடான காற்றைத் தூக்கிவிட்டு அங்கே இன்னொரு மேகத்தை உண்டாக்கும். ஒரு தனி மேகத்தின் ஆயுள் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்.

உயரத்தில் வீசுகிற காற்றின் திசை இந்த மேகங்களைத் தள்ளிக்கொண்டு போகிறது. கிழக்கிலிருந்து வீசினால் ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் உண்டான மழை எங்களை நோக்கி வரும். மலையில் உண்டானது கேரளத்துக்குப் போய்விடும். மே கடைசியில் கணவாய்க் காற்று வலுத்துவிட்டால் கதை முடிந்தது.

இதைக் கணினி மாதிரிகள் எப்படிப் பார்க்கின்றன? உலகம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. பெயர் பெற்ற ஐரோப்பிய மாதிரியின் கட்டம் சுமார் 9 கிலோமீட்டர். அமெரிக்க மாதிரியுடையது சுமார் 13. மதுக்கரையிலிருந்து உக்கடம் ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர். அதாவது மதுக்கரையும் குனியமுத்தூரும் உக்கடமும் ஒன்றிரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். மேகமோ சில கிலோமீட்டர் அகலம்தான். குனியமுத்தூரில் ஆலங்கட்டி விழுகிறபோது மதுக்கரையில் வெயில் அடிப்பதை அந்தக் கட்டம் தனித்தனியாகப் பார்க்காது. ரேடார் பார்க்கும். ஆனால் ரேடாரின் கதிர் தூரம் போகப்போகப் பூமியின் வளைவால் உயரே போய்விடும். கொச்சி ரேடாருக்கும் எங்களுக்கும் நடுவே மலையும் நிற்கிறது.

ஆக, ஏப்ரல் மாதத்து மத்தியானம் ஒருவர் “இன்று மாலை மதுக்கரையில் மழை” என்று அடித்து எழுதினால் அறிவியல் அவருக்குக் கொடுத்ததை விடக் கூடுதலாக எழுதுகிறார் என்று அர்த்தம்.

4

அப்படி எழுதத்தான் வாசகர் கேட்கிறார். அந்த இடைவெளியில்தான் வெதர்மேன்கள் வந்தார்கள்.

2015 நவம்பர், டிசம்பரில் சென்னை தத்தளித்தபோது ‘தமிழ்நாடு வெதர்மேன்’ என்ற பெயரில் எழுதிய பிரதீப் ஜானை மாநிலமே கண்டுபிடித்தது. அவர் வானிலைத் துறை ஊழியர் அல்ல. வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆர்வத்தால் மழையைப் பின்தொடர்ந்தவர். ‘சென்னை ரெயின்ஸ்’ கே. ஸ்ரீகாந்த், விவசாயிகளுக்காகக் குரல்பதிவுகளில் பேசுகிற மன்னார்குடி ந. செல்வகுமார், எங்கள் பக்கத்துக்கு ‘கோவை வெதர்மேன்’ சந்தோஷ் கிருஷ்ணன் என ஒரு வரிசை உருவானது. பத்திரிகைகள் இவர்களைத் ‘தனியார் வானிலை ஆய்வாளர்’ என்று எழுதப் பழகின.

ஒரு உரைநடை வகையாகப் பார்த்தால் இவர்கள் செய்த மாற்றம் சின்னது இல்லை. முதலில், பேசுகிறவருக்கு முகம் வந்தது. ‘எதிர்பார்க்கப்படுகிறது’ என்ற ஆளில்லாத வினை போய் ‘எதிர்பார்க்கிறேன்’ வந்தது. இரண்டாவது, காரணம் சொன்னார்கள். எங்கே காற்று முட்டுகிறது, எந்த மாதிரி என்ன சொல்கிறது, எதை ஏன் நம்பவில்லை என்று வாசகரைக் கூடவே உட்கார வைத்துப் பேசினார்கள். மூன்றாவது, மாவட்டத்திலிருந்து ஊருக்கு இறங்கினார்கள். கிணத்துக்கடவு, அன்னூர், காரமடை என்று ஊர்ப் பெயர்கள் பதிவுகளில் வந்தன. நாலாவது, பயத்தைத் தணித்தார்கள். 2015 வெள்ளத்தின்போது நாசா சொன்னதாக வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி சுற்றியது நினைவிருக்கலாம். அந்த மாதிரி நேரத்தில் ‘பயப்படாதீங்க, இதுதான் நடக்குது’ என்று சொல்ல ஒரு தெரிந்த குரல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது விழித்திருந்தவர்களுக்குத் தெரியும்.

சொல்வளத்திலும் சேர்த்தார்கள். ‘டமால் டுமீல் மழை’ என்று இந்த வட்டாரத்தில் ஒரு பிரயோகம் உண்டு. முதலில் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ‘வெப்பச்சலன மழை’ காரணத்தை மட்டும் சொல்கிறது. ‘டமால் டுமீல்’ வந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறது. திடீரென்று வரும், சத்தம் போடும், சீக்கிரம் போய்விடும். நல்ல கலைச்சொல் என்றே நினைக்கிறேன்.

இதற்கெல்லாம் முன்பே கோவையில் இன்னொரு குரல் இருந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆராய்ச்சி மையம் பருவத்துக்கு முன்னால் மாவட்ட வாரியாக மழைக் கணிப்பு வெளியிடும். அதற்குப் பயன்பட்ட ஆஸ்திரேலிய மென்பொருளின் பெயரைத் தமிழ் அறிக்கைகளில் ‘மழை மனிதன்’ என்றே மொழிபெயர்த்திருந்தார்கள். பசிபிக் கடலின் அழுத்த வேறுபாட்டை வைத்து எங்கள் ஊர் ஐப்பசி மழையைக் கணிக்கிற கணக்கு. வெதர்மேன் என்ற சொல் பரவுவதற்கு முன்பே பல்கலைக்கழக அறிக்கைக்குள் ஒரு மழை மனிதன் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறான்.

குறை எங்கே ஆரம்பிக்கிறது? பெயர் பெற்ற இந்தச் சிலரைப் பார்த்துக் கிளம்பிய எண்ணற்ற பக்கங்களில் ஆரம்பிக்கிறது. ‘இன்னிக்குத் தரமான சம்பவம் இருக்கு’, ‘கொங்கை வெச்சு செய்யப்போகுது’, ‘பொளந்து கட்டும்’, ‘வெளுத்து வாங்கும்’ என்று எழுதுகிறார்கள். இது சினிமா ரசிகரின் மொழி. படம் வெளியாகிற முதல் நாளுக்கு எழுதுகிற மொழியை மேகத்துக்கு எழுதுகிறார்கள். இந்த மொழியில் ‘இருக்கலாம்’ என்பதற்கு இடமே இல்லை. தலைவர் படம் நன்றாக இருக்க 25 சதவீத வாய்ப்பு உண்டு என்று எந்த ரசிகர் சொல்வார்?

5

தமிழில் மழையை முன்கூட்டிச் சொல்கிற எழுத்து நேற்று வந்ததில்லை. இரண்டு மரபுகள் கண்ணுக்குத் தெரிகின்றன.

ஒன்று கோள்களைப் பார்க்கிற மரபு. வெள்ளிக்கோள் தெற்கே சாய்ந்தால் மழை பொய்க்கும் என்ற நம்பிக்கை புறநானூற்றிலேயே இருக்கிறது. சித்திரை ஒன்றாம் தேதி கோயிலில் பஞ்சாங்கம் வாசிக்கும்போது இந்த வருஷம் எத்தனை மரக்கால் மழை என்று சொல்வது இதன் தொடர்ச்சி. வருஷம் முழுக்க ஒரே எண். யாருக்கு, எந்த ஊருக்கு, எந்த நாளில் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. அதனால் அது தோற்பதும் இல்லை.

இன்னொன்று தரையைப் பார்க்கிற மரபு. முக்கூடற்பள்ளு இதற்கு நல்ல உதாரணம். மழைக் குறி சொல்லும் புகழ்பெற்ற பகுதியில் பள்ளர்கள் சொல்வதைக் கவனித்தால் அது ஒரு முழுமையான முன்னறிவிப்பு. மலையாளப் பக்கத்து மின்னலும் ஈழப் பக்கத்து மின்னலும் தெரிகின்றன, கிணற்றுத் தவளை கத்துகிறது, நண்டு தன் வளை வாயைச் சேற்றால் அடைக்கிறது, ஆகவே நாளைக்கு ஆற்றில் வெள்ளம். எதைப் பார்த்தோம், எந்தத் திசையில் பார்த்தோம், அதிலிருந்து என்ன முடிவுக்கு வருகிறோம், எப்போது நடக்கும் என்று எல்லாமே இருக்கிறது. மேற்கிலும் கிழக்கிலும் ஒரே சமயத்தில் மின்னுவதை அவர்கள் சேர்த்துப் பார்த்ததை, இரண்டு கடல் ஈரமும் முட்டுகிற கதையைப் படித்த பிறகு வாசித்தால் இன்னும் பிடிக்கிறது. எல்லாவற்றையும் விட முக்கியம், அது நாளைக்கே பொய்யாகிவிடக்கூடிய ஒரு கூற்று. வெள்ளம் வராவிட்டால் சொன்னவர் அதே வயலில், அதே ஆட்கள் முன்னால் நிற்கத்தான் வேண்டும்.

இங்கிலாந்தில் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் 1861 ஆகஸ்ட் 1 அன்று பத்திரிகையில் முதல் பொது வானிலை அறிவிப்பை வெளியிட்டபோது, அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதில் கவனமாக இருந்தார். தீர்க்கதரிசனம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பது அவர் கவலை. ஆனால் பத்திரிகைகள் தவறிய நாள்களை எண்ணி எண்ணிக் கேலி செய்தன. தமிழிலும் நமக்கு ஆரூடம், கணிப்பு, முன்னறிவிப்பு என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. ஆரூடம் சொல்கிறவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கணிப்புக்குக் கணக்கு வேண்டும். அறிவிப்பு என்றால் அறிவிக்கப்படுகிறவர் ஒருவர் வேண்டும். பஞ்சாங்கம் ஆரூடம். வானிலைத் துறையுடையது கணிப்பு. பள்ளுப் பாட்டில் கேட்பது முன்னறிவிப்பு. ‘சம்பவம்’ எழுதுகிற பக்கங்கள் கணிப்பின் வரைபடத்தைப் போட்டு ஆரூடத்தின் குரலில் பேசுகின்றன. என் புகாரைச் சுருக்கினால் இதுதான்.

6

எனக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகப் படுகிறது என்று சொல்ல வேண்டும். என் அம்மாவின் தம்பி தொண்டாமுத்தூர்ப் பக்கம் நேந்திரன் வாழை போட்டிருந்தார். நேந்திரன் பத்துப் பதினோரு மாசப் பயிர். தார் முற்றுகிற நேரமும் சித்திரைச் சூறையும் ஒன்றாக வந்தால் ஒரு சாயங்காலத்தில் வருஷம் போய்விடும். முற்றுவதற்கு முன்னால் வெட்டினால் விலை போகாது.

“கண்ணு, போன்ல என்ன போட்ருக்கான்னு பாரு” என்று தினமும் மத்தியானம் கூப்பிடுவார்.

“ஓரிரு இடங்களில் மழைன்னு போட்ருக்குதுங் மாமா.”

“அந்த ஓரெடம் நம்ம தோட்டமா இல்லையான்னு கேட்டுச் சொல்லு.”

அந்தச் சமயத்தில் நான் பின்தொடர்ந்துகொண்டிருந்த ஒரு பக்கம், பெயர் வேண்டாம், அடித்துச் சொல்கிற பக்கம். ஒரு நாள் மேற்குக் கோவைக்குச் சம்பவம் உறுதி என்று போட்டது. மாமாவிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். வியாபாரியைக் கூப்பிட்டு அரைகுறையாக முற்றிய தார்களைக் கிடைத்த விலைக்கு வெட்டிக் கொடுத்தார். அன்று ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அடுத்தடுத்து இரண்டு நாள் அதே ‘உறுதி’. மாமா சிரித்துவிட்டு விட்டுவிட்டார். நாலாவது நாள் சாயங்காலம் இருபது நிமிஷம் காற்று அடித்தது. மிச்சமிருந்ததில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. ராத்திரி அந்தப் பக்கத்தில் ஒரு வீடியோ ஏறியிருந்தது, மேலே ‘சொன்னோம்ல?’ என்று ஒரு வரி.

சொல்லத்தான் செய்தார்கள். முந்தைய மூன்று நாளும் சொன்னார்கள். அந்த மூன்று நாளைப் பற்றி ஒரு வரி கிடையாது. நாலு நாளும் ‘நாலில் ஒரு பங்கு வாய்ப்பு’ என்று எழுதியிருந்தால் அது அப்பட்டமான உண்மையாக இருந்திருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசாங்க வாக்கியத்தின் ‘ஓரிரு இடங்கள்’ அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நாலில் ஒன்று என்று தெரிந்திருந்தால் மாமா ஒரு கணக்குப் போட்டிருப்பார். இப்போது வெட்டினால் இவ்வளவு நஷ்டம், விட்டுச் சாய்ந்தால் இவ்வளவு, நாலு நாளில் ஒரு நாள். ஆயுசு முழுக்க வானம் பார்த்த பூமியில் பண்ணையம் பார்த்தவருக்கு அந்தக் கணக்கு நம்மை விட நன்றாக வரும். மழுப்பலும் உறுதியும் சேர்ந்து அவர் கையிலிருந்து அந்தக் கணக்கைப் பிடுங்கிக்கொண்டன. வாசித்துக் காட்டிய எனக்கும் அதில் பங்கு உண்டு. ‘சம்பவம்’ என்ற சொல்லை வாய் நிறையச் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கும் அது வர வேண்டும் என்றுதான் இருந்தது.

புயலைத் துரத்துகிறவர்களின் ஆசையை அதனால் என்னால் வெளியே நின்று விமர்சிக்க முடியாது. அமெரிக்காவில் டேவிட் ஹோட்லி 1956-லிருந்து காரை எடுத்துக்கொண்டு புயலைத் தேடிப் போகத் தொடங்கினார். 1977-ல் அதற்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார். 1996-ல் வந்த ‘ட்விஸ்டர்’ படம் அதை உலகம் முழுக்க ஒரு சாகசமாக ஆக்கியது. ஆனால் அந்த மரபின் சிறந்த ஆளாக நான் நினைப்பது டிம் சமாராஸை. சூறாவளியின் பாதையில் கருவிகளை வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று அளந்தவர். 2003-ல் தெற்கு டகோட்டாவில் அவர் வைத்த கருவி 100 மில்லிபார் அழுத்த வீழ்ச்சியைப் பதிவு செய்தது. அவர் ஜாக்கிரதையான ஆள் என்று பெயர். 2013 மே 31-ல் ஓக்லஹோமாவின் எல் ரெனோவில் சூறாவளி திடீரென்று திசை மாறி, 4 கிலோமீட்டருக்கும் மேல் அகலமாகி, அவரையும் மகன் பாலையும் கூட்டாளி கார்ல் யங்கையும் கொன்றது. மேகம் யாருடைய அனுபவத்தையும் மதிப்பதில்லை.

எங்கள் ஊர்த் துரத்தல் மொட்டை மாடியிலும் வாளையார் ரோட்டில் பைக்கிலும் நடக்கிறது. காற்று எழும்பும்போது ‘ஐயோ செமடா’ என்று கத்துகிற வீடியோக்களை நானும் எடுத்திருக்கிறேன். இந்தியாவில் வருஷத்துக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் மின்னலில் சாகிறார்கள். பெரும்பாலோர் காட்டிலும் வயலிலும் நிற்கிறவர்கள். இடிச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தாலே மின்னல் தொடுகிற தூரத்தில்தான் இருக்கிறோம். கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் உள்ளே இருக்கச் சொல்கிறார்கள். ‘சம்பவம்’ என்று எழுதுகிற பதிவில் இந்த ஒரு வரிக்கு இடம் இல்லாமல் போவது தற்செயல் இல்லை. ரசிகருக்கு எழுதுகிற மொழியில் ஆடு மேய்க்கிறவர் வாசகராக இருப்பதில்லை.

7

அப்படியானால் நல்ல வானிலைப் பதிவு எது? நான் இப்போது படிக்கும்போது நாலு விஷயத்தைப் பார்க்கிறேன்.

அடைப்புக்குள் போடாமல், வாக்கியத்தின் நடுவிலேயே நிச்சயமின்மையைச் சொல்கிறதா என்பது முதல். ‘நாலு ஊரில் ஒன்றுக்கு’ என்று எழுதினால் யாருக்கும் புரியும். இரண்டாவது, நேரம். ஏப்ரலில் நாளைய மழையை ஊர் பெயர் போட்டு எழுத முடியாது. ஆனால் மேகம் கிளம்பிய பிறகு அடுத்த ஒரு மணி நேரத்தை எழுத முடியும். ‘இப்போ வாளையாருக்கு மேல இருக்கு, கிழக்கால நகருது’ என்ற ஒரு வரி, காலையில் போட்ட பத்து வண்ண வரைபடங்களை விட எனக்குப் பெரிசு. முக்கூடற்பள்ளில் இருப்பதும் அந்த வகை வரிதான். மூன்றாவது, யாருக்காக எழுதுகிறார் என்பது. காற்று வரும் என்றால் வாழைக்காரருக்கு ஒரு வரி, இடி என்றால் ஆடு மேய்க்கிறவருக்கு ஒரு வரி.

நாலாவதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம். மறுநாள் திரும்பி வருகிறாரா? ‘நேற்று மேற்குக் கோவை என்றேன், பெய்யவில்லை. கிழக்குக் காற்று நான் நினைத்ததை விடப் பலவீனமாக இருந்தது’ என்று எழுதுகிற பதிவுகள் உண்டு. நல்லவர்கள் எழுதுகிறார்கள். அதற்கு விருப்பக்குறி குறைவாகத்தான் விழும். ஆனால் அந்தப் பத்து வரிகளில்தான் நம்பிக்கை உண்டாகிறது. எங்கே தவறினார் என்று தெரிந்தால்தான் அடுத்த முறை எவ்வளவு நம்பலாம் என்று எனக்குத் தெரியும். தவறாத மாதிரியே எழுதுகிறவரை நான் ஒரு தடவை முழுசாக நம்பி, அப்புறம் ஒரேயடியாகக் கைவிடுவேன்; மாமா செய்த மாதிரி.

வாசகர்களாக நமக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது. ‘மழை வருமா வராதா, ஒரே வார்த்தையில சொல்லுங்க’ என்று நாம் கேட்கிற வரைக்கும் ஒரே வார்த்தையில் சொல்கிறவர்கள் கிளம்பிக்கொண்டேதான் இருப்பார்கள்.

மாமா அடுத்த வருஷம் வாழையைக் குறைத்துக்கொண்டு பாதிக்குப் பாக்கு வைத்தார். இப்போதும் சித்திரை பிறந்தால் மத்தியானம் கூப்பிடுவார். நான் வானிலைத் துறையின் அறிக்கையையும், எனக்கு நம்பிக்கையான ஒருவருடைய பதிவையும் படித்துவிட்டு என் வாயால் சொல்கிறேன்.

“மாமா, இன்னிக்கு நாலு ஊர்ல ஒரு ஊருக்குப் பேயுமாட்டத் தெரியுதுங். நம்முளுதான்னு அஞ்சு மணிக்கு மேலதான் தெரியும். அப்பக் கூப்பிடறனுங்.”

“செரி கண்ணு. நாலுல ஒண்ணு” என்கிறார். பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை. அந்தப் பக்கம் அவர் கணக்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரியும். அஞ்சு மணிக்கு நான் மாடிக்குப் போகிறேன், இடி கேட்டால் இறங்கிவிடுகிறேன். மேகம் எந்தப் பக்கம் போனாலும் அவரைக் கூப்பிட்டுச் சொல்கிறேன்.